மூன்றாம் வாரத்துச் சமையல்

புற்றுநோய்க்கான மருந்தை மருத்துவமனை தருகிறது. மாவு பிசைவது யார், துணி துவைப்பது யார் என்ற கேள்விகளுக்கு வீடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனை வாசலில் வந்திறங்கும் குடும்பங்களின் மூட்டைகளைப் பார்த்தால் சிகிச்சைக்கு வந்தவர்கள் என்று தோன்றாது. குடித்தனம் மாற்றி வந்தவர்கள் என்றே தோன்றும். ஒரு கையில் ஸ்கேன், பயாப்ஸி அறிக்கைகள் அடங்கிய பிளாஸ்டிக் பை. மறு கையில் குக்கர், சப்பாத்திக் கட்டை, அரிசி, கடுகெண்ணெய், வழியில் பசித்தால் கரைத்துக் குடிக்க வறுகடலை மாவு. பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இரண்டு நாள் ரயில் பயணம் செய்து வருபவர்களுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது: நோய் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ராத்திரி யாராவது ரொட்டி சுட வேண்டும்.

1941-ல் டாடா அறக்கட்டளையால் தொடங்கப்பட்டு, 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இருக்கும் இந்த மருத்துவமனையை நம்பி வருபவர்கள் எல்லாருக்கும் அதனுள் படுக்கை கிடைப்பதில்லை. பலருக்குப் படுக்கை தேவைப்படுவதும் இல்லை. கீமோதெரபி என்பது பெரும்பாலும் சில மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொள்ளும் மருந்து. கதிர்வீச்சு என்பது தினமும் சில நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் நோயாளி இருப்பது வாடகை அறையில், தர்மசாலையில், உறவினர் வீட்டுக் கூடத்தில், இடம் கிடைக்காதபோது மருத்துவமனை எதிரிலுள்ள நடைபாதையில். அதாவது, சிகிச்சையின் பெரும் பகுதி அடுப்புக்கும் குழாயடிக்கும் நடுவில்தான் நடக்கிறது.

சினிமா இதைக் காட்டியதே இல்லை. 1971-ல் வந்த ‘ஆனந்த்’ படத்தின் நாயகன் சிரித்துக்கொண்டே இறந்தான். தமிழில் 1982-ல் மட்டும் ‘வாழ்வே மாய’மும் ‘பயணங்கள் முடிவதில்லை’யும் ரத்தப் புற்றுநோயை நம்பி வசூல் செய்தன. இருமினார்கள், பாடினார்கள், காதலைத் தியாகம் செய்தார்கள். ஊசி போட்டுக்கொண்டு வந்து பாத்திரம் தேய்த்தவர் யாரும் அந்தப் படங்களில் இல்லை. நாயகர்கள் எல்லாரும் ஆண்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

நிஜத்தில் கதை வேறு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-ல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அவர்களில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் பெண்கள் அவர்களில் ஏராளம். பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை, கணவனுக்குச் சாப்பாட்டு டப்பா என்று வீட்டின் கடிகாரத்துக்கே சாவி கொடுப்பவர்கள். 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை நிமிடக் கணக்கிலேயே சொல்லிவிட்டது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அதிலும் பெண்களில் 81 சதவிகிதம் பேர் அந்த வேலைகளைச் செய்ய, ஆண்களில் செய்தவர்கள் 26 சதவிகிதம் மட்டுமே.

கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வேலை. அதைச் செய்பவர் படுத்துவிட்டால்?

மார்பக அறுவை சிகிச்சை முடிந்து, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளும் அகற்றப்பட்ட பெண்ணிடம் வீட்டுக்குப் போகும்போது சொல்லப்படும் எச்சரிக்கைகளைப் பாருங்கள். அந்தக் கையில் வெட்டுக்காயம் படக்கூடாது. சூடு படக்கூடாது. பூச்சிக்கடி, நகச்சுற்று வரவிடக்கூடாது. இறுக்கமான வளையல், மோதிரம் வேண்டாம். திடீரென்று அதிக எடை தூக்கக்கூடாது. மீறினால் நிணநீர் தேங்கிக் கை வீங்கலாம். ஒருமுறை வீங்கிவிட்டால் அதைக் கட்டுப்படுத்தி வைக்கலாமே தவிர முழுதாக விரட்டுவது கடினம். மருத்துவ ரீதியில் எல்லாமே நியாயமான எச்சரிக்கைகள். ஆனால் அரிவாள்மணை, தோசைக்கல், தண்ணீர்க் குடம், துணிப் பாறை, சாணி, களையெடுப்பு என்று ஓர் இந்தியப் பெண்ணின் ஒரு நாளை அப்படியே எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘கூடாது’ என்று போட்டது போலத்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது. யார் செய்வது என்ற பத்தி மட்டும் அதில் இல்லை.

வளையல் விஷயம் சின்னதாகத் தோன்றும். வடக்கே பல குடும்பங்களில் சுமங்கலியின் கை வெறுமையாக இருந்தால் அது கணவனுக்கு ஆகாது. கண்ணாடி வளையல் உடைந்து கிழித்தால் அது கைக்கு ஆகாது. மருத்துவரின் பேச்சுக்கும் மாமியாரின் பேச்சுக்கும் நடுவே பல பெண்கள் கண்டுபிடித்த சமரசம், எல்லா வளையல்களையும் மறு கைக்கு மாற்றிப் போட்டுக்கொள்வது.

இந்த எச்சரிக்கைகளிலும் காலம் ஒரு திருத்தம் செய்திருக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கையால் எதையுமே தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஏற்கெனவே கை வீங்கிய பெண்களுக்கு மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தது ஓர் அமெரிக்க ஆய்வு. வீக்கம் அதிகரிக்கவில்லை, தொந்தரவுகள் குறைந்தன என்று 2009-ல் அது ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. கையைத் தொட்டிலில் போட்டு வைப்பதைவிட மெல்ல மெல்லப் பழக்குவதே நல்லது என்பது இன்றைய கருத்து. இதைக் கேட்டதும் “டாக்டரே வேலை செய்யச் சொல்லிவிட்டார்” என்று குடத்தை எடுத்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. அரைக் கிலோவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றிய எடை வேறு. முதல் நாளே இடுப்பில் ஏறும் நிறைகுடம் வேறு.

இருபத்தொரு நாள் பஞ்சாங்கம்

கீமோதெரபி பல நேரங்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு மூன்று சுற்று முடிவதற்குள் வீட்டின் பஞ்சாங்கமே அந்த இருபத்தொரு நாள் கணக்குக்கு மாறிவிடுகிறது.

மருந்து ஏற்றிய அன்றும் மறுநாளும் நோயாளி சில சமயம் வியக்கத்தக்க சுறுசுறுப்புடன் இருப்பார். காரணம், வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கூடவே தரப்படும் ஸ்டீராய்டு. தூக்கம் வராது. நள்ளிரவில் எழுந்து மசாலா டப்பாக்களைத் துடைத்து அடுக்குவார். கீமோ அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று வீட்டார் முடிவுகட்டும் நேரத்தில், மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள், கயிறறுந்த வாளிபோல விழுவார். இந்த அசதி வேலை செய்து களைத்த அசதி அல்ல; தூங்கி எழுந்தாலும் போகாது. சோம்பல் என்று அதற்குப் பெயர் சூட்டும் வீடுகளில் அவர் எழுந்து நடமாடியே தன் நோயை நிரூபிக்க வேண்டியிருக்கிறது: அடுப்படியில் மயங்கி விழுந்தால்தான் நம்புகிறார்கள்.

அடுத்து வாசனை. கடுகு வெடித்துப் பெருங்காயம் பொரியும் மணம், கடுகெண்ணெய் காயும் புகை, குக்கரில் பருப்பு வேகும் ஆவி எல்லாம் அந்த நாட்களில் குமட்டலைக் கிளப்பும். வாயில் எதை வைத்தாலும் உலோகத்தை நக்கியது போலிருக்கும். உப்பு பார்க்கத் தெரியாது. இருபது வருடமாக ருசி பார்க்காமலே சமைத்தவர் உப்பை இரண்டு முறை போட, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான் மகன். சூடான சாப்பாட்டைவிட ஆறியது இந்த நாட்களில் இறங்கும், ஏனென்றால் மணம் குறைவு. தயிர்சாதம் பழகிய தெற்கத்திக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் அனுகூலம்.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை ஆபத்தான காலம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரம் இதுதான். வெளியே பார்ப்பதற்கு நோயாளி தேறி வருவது போலிருப்பார். குமட்டல் நின்று பசி எடுக்கும். ஆனால் ஒரு சாதாரணத் தொற்றுகூட உயிரைக் குடிக்கலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது மருத்துவர்கள் மறுபடி மறுபடி சொல்லும் விதி. அது மீறப்படுவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல, வழக்கத்தால். காய்ச்சல் என்றால் ஒரு பாரசிட்டமால், ஒரு டம்ளர் கஷாயம், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எல்லா வீட்டிலும் நடைமுறை. பிள்ளைகளை எழுப்ப மனமில்லாமல் தாயே அதை மறைத்துவிடுவதும் உண்டு. வீட்டில் ஒரு தெர்மாமீட்டரும், அதைப் படிக்கத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இருந்தால் அது விலையுயர்ந்த மருந்துக்குச் சமானம்.

மூன்றாம் வாரம் நல்ல வாரம். உடம்பு தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் நாட்கள். அடுத்த சுற்றைத் தாங்குவதற்காக மருத்துவம் ஒதுக்கிய ஓய்வு அது. வீடு அதை அப்படிப் பார்ப்பதில்லை. சேர்ந்துகிடக்கும் போர்வைகள், ரேஷன், மாவு மில், பள்ளிக்கூடத்துக் கூட்டம், தள்ளிப்போட்ட உறவுக்காரக் கல்யாணம் எல்லாம் அந்த ஏழு நாட்களில் வந்து குவிகின்றன. அடுத்த சுற்றுக்கு முன்னால் பொடி இடித்து, அப்பளம் காயவைத்து, டப்பாக்களை நிரப்பி வைத்துவிட்டுப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். தங்கள் படுக்கை நாட்களுக்கான சமையலையும் தாங்களே முன்கூட்டி முடித்துவிடுகிறார்கள். யாரும் சொல்லாமலே. இதில் மெச்ச ஏதுமில்லை. அந்த வாரத்தைப் பறிகொடுத்தவர் அடுத்த ஊசிக்கு ரத்த எண்ணிக்கை போதாமல் திருப்பி அனுப்பப்பட்டால், பயணச் செலவும் ஒரு வாரக் கூலியும் கூடவே போகின்றன.

விரல்கள்

சில மருந்துகள் நேராகக் கைவேலையைப் பறிக்கின்றன. பாக்லிடாக்ஸல் வகை மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகிறது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது, பூத் தொடுக்க முடியாது, பூண்டு உரிக்க முடியாது. தோசைக்கல்லின் சூடு உறைப்பதற்குள் தோல் வெந்திருக்கும். குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் நேர்மாறாக, குளிர்ச்சியை எதிரியாக்குகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாத்திரத்தை எடுத்தால் ஷாக் அடித்தது போல விரல்கள் சிலிர்க்கும். குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் பட்டால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம் வரும். டிசம்பர் மாத டில்லியில் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுவது இவர்களுக்கு வேலை அல்ல, தண்டனை. மாத்திரையாகத் தரப்படும் கேபசிடபைன் உள்ளங்கை, உள்ளங்காலைச் சிவக்கவைத்து உரிக்கும். சோப்புத் தண்ணீரும் கரித்துணியும் பட்டால் எரியும்.

மருந்தின் பக்க விளைவுகளைக் கேட்டால் ‘கை மரப்பு, லேசானது’ என்று அட்டையில் எழுதப்படுகிறது. உங்கள் வீட்டில் சப்பாத்தி யார் சுடுகிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் அது லேசா கடுமையா என்பது தெரிந்துவிடும்.

குளியலறையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கீமோ மருந்தின் மிச்சம் சுமார் இரண்டு நாட்களுக்குச் சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். அந்த நாட்களில் கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். அழுக்கான துணிகளைக் கையுறை போட்டுத் தனியாக அலச வேண்டும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக்கூடாது. நான்கு குடும்பங்களுக்கு ஒரே கழிவறை உள்ள இடத்தில் இதை எப்படிச் சொல்வது? டாக்ஸோருபிசின் என்ற சிவப்பு மருந்தை ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் சிறுநீரே சிவப்பாகப் போகும். முன்கூட்டிச் சொல்லப்படாத வீடுகளில் ரத்தம் போகிறது என்று அலறல் எழுகிறது.

முன்னெச்சரிக்கை வேறு, தீண்டாமை வேறு. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. ஆனாலும் தனித் தட்டு, தனி டம்ளர், பேரக்குழந்தையைத் தூக்கத் தடை ஆகியவை நகரத்து அடுக்குமாடிகளிலும் ஒழியவில்லை. வெளியிலிருந்து தரப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் நோயாளியின் உடம்பிலிருந்து எந்தக் கதிரும் வருவதில்லை. அவர் சமைத்ததைச் சாப்பிடலாம், அவர் பக்கத்தில் படுக்கலாம். தைராய்டு புற்றுநோய்க்காகக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் மட்டும் சில நாட்களுக்குக் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். எந்தச் சிகிச்சைக்கு எந்த விதி என்று யாரும் பிரித்துச் சொல்லாததால், ஐந்து நாள் விதி ஐந்து வருடத்துக்கு நீள்கிறது.

தூரமும் ஒரு நோய்தான். மார்பகத்துக்கான கதிர்வீச்சை ஐந்து வாரம் பரப்பித் தருவதற்குப் பதில் மூன்று வாரத்தில், 15 தவணைகளில் தந்தாலும் பலன் குறைவதில்லை என்று பிரிட்டிஷ் ஆய்வுகள் நிலைநாட்டின. ஒரே வாரத்தில் ஐந்து தவணைகள் போதும் என்ற ஆய்வும் 2020-ல் வந்தது. இயந்திரத்துக்கு முன்னால் இது பத்து நாள் மிச்சம். ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைகளுக்கு அது இரண்டு வாரத்துத் தாய்.

ரயில்வே தூங்கும் வசதிப் பெட்டியில் நோயாளிக்கு முழுக் கட்டணத்தையும் துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவிகிதத்தையும் தள்ளுபடி செய்கிறது. ஒருவருக்கு மட்டுமே. அந்த ஒருவர் கணவன் என்றால் கூலி போகிறது. மூத்த மகள் என்றால் பள்ளிக்கூடம் போகிறது. மகள் ஊரிலேயே இருந்தாலும் அடுப்பு அவள் கைக்கு வருகிறது. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. அறை வாடகை, அரிசி, இழந்த கூலி ஆகியவை எந்த ரசீதிலும் வராததால் எந்தத் திட்டத்திலும் வருவதில்லை.

இந்த இடைவெளியை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. தாதரில் காட்கே மகராஜ் பெயரால் நடக்கும் தர்மசாலை, டாடாவுக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்குப் பல ஆண்டுகளாகக் கூரை தந்துவருகிறது. போகும் ஊரையெல்லாம் துடைப்பத்தால் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு உபதேசம் செய்த துறவி அவர், பெயர் பொருத்தமானதுதான். 2006-ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள், புற்றுநோய் கண்ட குழந்தைகளையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்கவைக்கின்றன. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமைக்கத் தனியிடம் உண்டு. பொதுச் சாப்பாடு போடுவதைவிட இது சிரமமான ஏற்பாடு. ஆனால் வாய்ப்புண்ணோடு இருக்கும் அஸ்ஸாம் குழந்தைக்கும் குஜராத் குழந்தைக்கும் ஒரே குழம்பை ஊற்றினால் இருவருமே சாப்பிட மாட்டார்கள். அம்மா கைச் சோறு உள்ளே போகும்.

கேரளத்தில் பாதை வேறு விதமாகப் பிரிந்தது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரணத்துக்காகத் தொடங்கிய ஒரு சிறு முயற்சி, பிறகு மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தார் நடத்தும் அமைப்பாக வளர்ந்தது; 2008-ல் மாநில அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. நர்ஸுடன் வீடு தேடி வரும் தொண்டர், புண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறானா என்றும் பார்க்கிறார். அந்தக் கேள்விகளைக் கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை என்பதை மலப்புறம் கண்டுபிடித்தது. மற்ற மாநிலங்களுக்கு அது இன்னும் எட்டவில்லை. 2025-26 மத்திய பட்ஜெட் மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் வரும் என்று அறிவித்தது. வந்தால், ஊசி போட்டுக்கொண்டு மாலையே வீடு திரும்பலாம். மாலையே வீடு திரும்பியவர் இரவுச் சமையலுக்கும் திரும்ப வேண்டியிருக்குமா என்பதை பட்ஜெட் சொல்லாது.

பரேலில் வாடகை அறைகள் இருக்கும் சந்துகளில் சாயங்காலம் நடந்தால் இன்னொரு காட்சியும் கண்ணில் படும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மாவு பிசையும் ஆண்கள். ஊரில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட எடுத்துக் குடிக்காதவர்கள். துணைக்கு வந்தவர் ஒருவரே என்பதால் வேறு வழியில்லை. முதல் வாரம் ரொட்டி ஒரிஸ்ஸா வரைபடம்போல வருகிறது. கட்டிலில் படுத்தபடி மனைவி தண்ணீர் அளவு சொல்கிறாள். மூன்றாம் வாரம் வட்டமாகிவிடுகிறது. மனைவியின் தலையிலிருந்து முடி கொத்துக் கொத்தாகத் தட்டில் விழத் தொடங்கும்போது, சோற்றில் விழாமலிருக்க மொட்டையடித்துவிடுவதும் அந்தக் கைகள்தான். புடவையை அலசிக் கம்பியில் உலர்த்துவதும் அவைதான். யாரும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் பக்கத்து அறையிலும் அதுதான் நடக்கிறது.

பிறகு ஒரு நாள் கடைசித் தவணை முடிகிறது. குக்கரும் கட்டையும் மீண்டும் மூட்டைக்குள் போகின்றன. தாதரில் ரயிலேறி, இரண்டு இரவு கழித்து ஊர் ஸ்டேஷனில் இறங்கினால், வாசலில் அம்மா, அண்ணிகள், பங்காளிகள் எல்லாரும் காத்திருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னால் அவர் மாவுப் பாத்திரத்தைக் கையில் எடுப்பாரா என்பது அடுத்த பரிசோதனைக்கு மனைவி மும்பைக்கு வரும்போது அவள் கையின் வீக்கத்தைப் பார்த்தால் தெரியும்.